இருபத்தைந்து கட்டை

தை மாதம் நெருங்கிவிட்டால் எங்கள் டீ ஃபேக்டரி ஆபீசில் என் மேசை முன்னால் வந்து நிற்பவர்களில் பாதிப் பேர் லீவுக்காக வருபவர்கள் இல்லை. பழனிக்கு நடந்து போகிறோம், என்ன ஷூ வாங்கலாம், கொப்புளத்துக்கு என்ன போடலாம், பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்க வருபவர்கள். நான் நடந்தது ஒரே ஒரு முறை, அதுவும் முந்தின வருஷம். பத்து முறை நடந்தவர் வாயைத் திறக்க மாட்டார். ஒரு முறை நடந்தவன்தான் வகுப்பெடுப்பான். நானும் எடுக்கிறேன். ஆனால் எல்லோரிடமும் முதலில் ஒரு கேள்வி கேட்டுவிடுவேன். உங்கள் மாமியார் ஏதாவது வேண்டிக்கொண்டாரா என்று விசாரித்தீர்களா? சிரிக்கிறார்கள். நான் விளையாட்டுக்குக் கேட்பதில்லை.

என் மாமியார் குன்னூருக்குக் கீழே இதே தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். பன்னிரண்டு வயதில் இலங்கைத் தோட்டம் ஒன்றிலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். வேலையிலிருந்து நின்ற பிறகு எங்களோடுதான் இருக்கிறார். அவர் குடும்பத்தில் ஒரு பழக்கம், மாமியார் மருமகனிடம் நேருக்கு நேர் பேசக் கூடாது. நான் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் பக்கத்தில் மாமியார்கள் மருமகனிடம் பேசுவார்கள், கொஞ்சம் கூடுதலாகவே பேசுவார்கள். இங்கே கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொல் என்று அவர் என் மனைவியிடம் சொல்வார். அத்தைக்குக் குழம்பு இருக்கிறதா என்று கேள் என்று நானும் என் மனைவியிடமே சொல்வேன். மூன்று பேரும் ஒரே பாயில்தான் உட்கார்ந்திருப்போம்.

ஒன்பது வருஷம் காத்திருந்து எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அவளுக்குப் பொறுமை இல்லை, மாதம் முடியும் முன்பே வந்துவிட்டாள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று வாரம் கிடந்தாள். பிழைத்து வந்தாள், இப்போது வீட்டில் அவள் குரல் மட்டும்தான் கேட்கிறது. மூன்று வயது முடிவதற்குள் பழனியில் முதல் மொட்டை போட்டுவிட வேண்டும் என்று பேச்சு வந்தபோதுதான் மனைவி மெதுவாக விஷயத்தை எடுத்தாள். பிள்ளை பிழைத்தால் வீட்டு வாசலிலிருந்து பழனி வரை நடந்தே வருவதாக அம்மா வேண்டியிருக்கிறாராம். அதை முடித்த பிறகுதான் மொட்டையாம். தாராளமாக நடக்கட்டும் என்றேன்.

"அம்மா மட்டும் இல்லீங்க. உங்களையும் நடத்திக் கூட்டிட்டு வர்றேன்னு வேண்டியிருக்காங்க" என்றாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முருகனுக்கு முடி கொடுப்பார்கள், வேல் கொடுப்பார்கள், தெரியும். அடுத்தவன் காலைக் கொடுப்பதை அப்போதுதான் கேள்விப்பட்டேன். அதுவும் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்துக் கேன்டீனுக்குக் கூட ஸ்கூட்டரில் போகிறவனின் கால். இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. நடுவில் ஒரு ஸ்டாப்பிங் பஸ் ஏறினாலும் அவர் கணக்கில் வேண்டுதல் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார். அடுத்த தையில் முதலிலிருந்து நடக்கத் தொடங்குவார், என்னையும் இழுத்துக்கொண்டு. மூன்று வயதும் தாண்டிவிடும். மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த நாட்களை நினைத்தால் எதிர்த்துப் பேசவும் எனக்கு வாய் வரவில்லை. சரி என்றேன்.

சரி என்று சொன்ன பிறகு நான் சும்மா இருப்பேனா? திட்டம் போட்டேன். மேட்டுப்பாளையம், கோயமுத்தூர், பொள்ளாச்சி, உடுமலை, பழனி. ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் வீதம் ஏழு நாள். விடியுமுன் நாலு மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் அன்றைய மண்டபத்தில் போய் விழுந்துவிட வேண்டும். தோட்டத்திலிருந்து பதினைந்து பேர், மூட்டை முடிச்சுகளுக்கும் சமையல் பாத்திரங்களுக்கும் ஒரு சின்ன வேன். அழகாக டைப் செய்து, அத்தைக்குச் சொல்லிவிடு என்று மனைவியிடம் கொடுத்தேன். அவளும் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்பதுதான் இந்தக் கதை. அவள் அம்மாவுக்குக் கிலோமீட்டர் என்ற சொல்லே பிடிக்காது, தூரத்தைக் கட்டை என்றுதான் சொல்வார். ரோட்டோரம் நிற்கும் கிலோமீட்டர் கல்லைத்தான் அம்மா அப்படிச் சொல்கிறார் என்று என் மனைவி சின்ன வயதிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆகவே ஒரு நாளைக்கு இருபத்தைந்து கட்டை என்று சொல்லிவிட்டாள்.

 அத்தை, மாப்பிள்ளை சொன்னால் சரிதான் என்றாராம். மறுநாளிலிருந்து, கொழுந்து பறிக்கப் போட்ட பழைய கம்பூட்ஸை மாட்டிக்கொண்டு தோட்ட ரோட்டில் காலையும் மாலையும் சுற்ற ஆரம்பித்தார். வயது அறுபத்திரண்டு. என்ன இவ்வளவு வேகம் என்று ஜன்னல் வழியாகப் பார்த்து நான் சிரித்தேன். என்னுடைய பயிற்சி, ஆபீஸ் மாடிப்படியை இரண்டு முறை ஏறி இறங்குவது.

இங்கே என் முதல் அறிவுரை. மலைக்காரர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, சமவெளிதானே என்று நினைப்பது. மேடும் பள்ளமும் ஏறி இறங்குகிற நமக்குத் தட்டையான ரோடு ஒரு பொருட்டா என்று நினைக்கிறோம். மலையில் ஒவ்வோர் அடியும் வேறு மாதிரி விழும், கால் மாறி மாறி வேலை செய்யும். தார் ரோட்டில் ஒரே இடத்தில் ஒரே அடி, நாள் முழுக்க. கெண்டைக்காலுக்கு முன்பக்கம் ஒரு எலும்பு இருப்பதே எனக்குக் காரமடையில்தான் தெரிந்தது. இரண்டாவது, ஸ்வெட்டரோடு கிளம்பாதீர்கள். பர்லியார் வருவதற்குள் கழற்றி இடுப்பில் கட்டியிருப்பீர்கள், மேட்டுப்பாளையத்தில் அதைத் தூக்கி எறியலாமா என்று யோசிப்பீர்கள். எங்கள் கோஷ்டியில் ஒருவர் குரங்குக் குல்லாவைப் பழனி வரை சுமந்து வந்து, அங்கே மொட்டை போட்ட பிறகு அணிந்துகொண்டார். அவருக்கு மட்டும் பயன்பட்டது.

மூன்றாவது, கால் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுக் கிளம்புங்கள். குன்னூரிலிருந்து இறங்கும் ரோட்டில் முழு உடம்பும் கட்டைவிரல் நுனியில்தான் உட்காரும். நான் புது ஷூ போட்டிருந்தேன், நகம் வெட்டவில்லை. நாலாவது கொண்டை ஊசி வளைவில் இரண்டு கட்டைவிரலும் தெறித்தன. அத்தை எனக்கு முன்னால், சாதாரண ரப்பர் செருப்பில், திரும்பிப் பார்க்காமல் இறங்கிக்கொண்டிருந்தார். அவரை நிறுத்தச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? போனை எடுத்து மேலே குன்னூரிலிருந்த மனைவியை அழைத்து, உங்கம்மாவைக் கொஞ்சம் மெதுவாக நடக்கச் சொல் என்றேன். அரை நிமிஷத்தில் எனக்கு இருபதடி முன்னால் அவர் போன் அடித்தது. எடுத்துக் கேட்டார், பேசினார், வேகத்தைக் குறைத்தார். உடனே என் போன் அடித்தது.

"அம்மா கேக்குறாங்க, நகம் வெட்டாம வந்துட்டீங்களான்னு" என்றாள் மனைவி.

மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்வரை இப்படித்தான். தண்ணீர் வேண்டுமா என்பது மலை ஏறிப் போய் மலை இறங்கி வந்தது. மனைவி ஒரு கையில் பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டு மறு கையில் எங்களை நடத்திக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மண்டபத்தில் படுத்திருந்தபோது அவள் இன்னொன்றும் சொன்னாள். இறக்கத்தில் கட்டை சீக்கிரம் ஓடிவிட்டது, இவ்வளவு தூரம்தானா என்று அம்மாவுக்கே ஆச்சரியமாம். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நானோ விரலுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, என் திட்டம் எவ்வளவு சரியாக இருக்கிறது பார் என்று பெருமைப்பட்டேன்.

நாளைக்கு இருபத்தைந்தாவதில் ஒரு மண்டபம், வாசலில் பச்சைப் பந்தல் இருக்கும், அங்கே நில்லுங்கள் என்று மனைவி மூலம் சொல்லி அனுப்பினேன். அத்தையின் போனில் சார்ஜ் இல்லை, அதை என் சார்ஜரில் போட்டேன். விடியுமுன் கிளம்பும்போது அதை எடுத்துக் கொடுக்க நடுவில் யாராவது வேண்டுமே, அப்புறம் கொடுக்கலாம் என்று என் பையிலேயே வைத்துக்கொண்டேன். அவர் அதற்குள் இருட்டில் முன்னால் போய்விட்டார். இது நாலாவது அறிவுரை. அடுத்தவர் போனை உங்கள் பையில் வைக்காதீர்கள்.

துடியலூருக்குச் சற்று முன்னால் இருந்தது எங்கள் மண்டபம். எல்லோருக்கும் கடைசியாக நான் நொண்டிக்கொண்டு போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. கோஷ்டி சாப்பிட்டு முடித்துக் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்திருந்தது. அத்தையைக் காணோம். தோட்டத்து லைன் வீடுகளில் எங்களுக்குப் பக்கத்து வீட்டு அம்மா, உங்களோடுதான் வருகிறார் என்று நினைத்தோம் என்றார்.  மனைவிக்குப் போன் போட்டேன். என்ன சொல்லி அனுப்பினாய் என்று கேட்டேன். நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன், இருபத்தைந்து கட்டை என்றாள். பக்கத்து வீட்டு அம்மாவும் இலங்கையிலிருந்து வந்தவர்தான். நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ தம்பி, எங்க ஊருல கட்டைன்னா மைலுங்க."

இருபத்தைந்து மைல் என்றால் நாற்பது கிலோமீட்டர். கோயமுத்தூர் முழுவதையும் கடந்து, உக்கடத்துக்கும் அந்தப் பக்கம். கையில் போன் இல்லை, தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. போகும் வழியெல்லாம் நடந்து வருபவர்களுக்குச் சோறு போடும் பச்சைப் பந்தல்கள். வேன் டிரைவர் சாவியை எடுத்துக்கொண்டு, ஏறுங்க சார், அரை மணியில் பிடித்துவிடலாம் என்றார். நான் வேனின் படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். இன்னொரு காலைத் தூக்க முடியவில்லை. ஏறினால் அத்தை நடந்த நடையெல்லாம் என்னால் வீண். ஏறாமல் இருந்து அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், வேண்டுதலைக் காப்பாற்றினேன் என்று மனைவி முகத்தில் எப்படி விழிப்பேன்?  கடைசியில் காலைக் கீழே எடுத்தேன். நடை வேண்டுதல் இல்லாத பக்கத்து வீட்டு அம்மாவையும் இன்னொருவரையும் வேனில் ஏற்றி, ஒரு பந்தல் விடாமல் பாருங்கள் என்று அனுப்பிவிட்டு, பின்னாலேயே நடக்க ஆரம்பித்தேன்.

ஷூவுக்குள் கால் போகவில்லை. துடியலூரில் ஒரு கடையில் ரப்பர் செருப்பு வாங்கி மாட்டிக்கொண்டேன். அடுத்த முக்கால் மணி நேரம் நான் நடந்தது எனக்கே தெரியாது. ஒவ்வொரு பந்தலிலும் தலையை நீட்டி, பச்சைச் சேலை, மெலிந்த உடம்பு, தனியாக வந்தார்களா என்று கேட்டேன். பதிலுக்கு எல்லோரும் பொங்கல் கொடுத்தார்கள். போன் வந்தது. டிரைவர்தான். உக்கடம் தாண்டி ஒரு பந்தலில் இருக்கிறார், பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார் என்றார். நான் நடுரோட்டில் நின்று அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன்.

வேனில் ஏற அவர் மறுத்துவிட்டாராம். தப்பு நடந்துவிட்டது என்றால் நான் திரும்பி நடந்து வருகிறேன் என்று கிளம்பவும் செய்தாராம். பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா துணைக்கு இருப்பதால் நான் மண்டபத்துக்குத் திரும்பிப் படுத்துவிட்டு, மறுநாள் கோஷ்டியோடு போயிருக்கலாம். நியாயமாக அதுதான் சரி. ஆனால் திரும்பவும் பின்னால் நடக்க எனக்கு மனசு வரவில்லை. அத்தையை நேரில் பார்த்தால்தான் உட்காருவேன் என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

மத்தியான வெயிலில் நகரத்துக்குள் நடக்காதீர்கள் என்பது ஐந்தாவது அறிவுரை. அப்படியும் நடக்க நேர்ந்தால் பஸ்களைப் பார்க்காதீர்கள். அன்றைக்கு மட்டும் எல்லா டவுன் பஸ்ஸும் காலியாக வந்தன. ஒரு கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, ஏறுங்க சாமி, உக்கடம்தான் என்று கையை நீட்டினார். ஒரு சிக்னலில் ஆட்டோக்காரர் என் கால்களைப் பார்த்துவிட்டு, காசெல்லாம் வேண்டாம் என்றார். செருப்பு வார் விரலிடுக்கை அறுத்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டோர வெள்ளைக் கோட்டின்மேல் நடந்தேன். வெறுங்காலோடு நடக்கும் சாமிகளைக் கேட்டுப் பாருங்கள், தாரைவிட அந்தக் கோடு சூடு குறைவு. இது நானே கண்டுபிடித்தது என்று அப்போது நினைத்தேன். எல்லோருக்கும் தெரியுமாம்.

உக்கடம் தாண்டி அந்தப் பந்தலைக் கண்டபோது வெயில் சாய்ந்திருந்தது. அத்தை உள்ளே இல்லை. ரோட்டோரத்தில், நான் வரும் திசையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். வேன் வந்து விஷயம் சொன்னதிலிருந்து அவர் உட்காரவே இல்லை என்று பக்கத்து வீட்டு அம்மா பிறகு சொன்னார். நான் கிட்டே போனதும் முதலில் என் பாதத்தைப் பார்த்தார். பிறகு, பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக, என் முகத்தைப் பார்த்தார்.

"நடந்தா வந்தீங்க?"

"நடந்துதான் வந்தேனுங்க அத்தை."

"எல்லாமேவா?"

"எல்லாமேதானுங்க."

 அவர் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். உட்காருங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு, பந்தல் அடுப்பிலிருந்து ஒரு அலுமினியச் சட்டியில் வெந்நீர் எடுத்து உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். காலை உள்ளே விட்டபோது போன் அடித்தது. அம்மா என்ன சொல்கிறார் என்று மனைவி கேட்டாள். உட்காரச் சொல்கிறார் என்றேன். யாரிடம் சொன்னார் என்றாள். என்னிடம்தான் என்றேன்.  

மறுநாள் கோஷ்டி வந்து சேரும்வரை எங்களுக்கு ஓய்வு. அதன்பின் உடுமலை போகும்வரை அத்தை பேசினார். பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் பேசினார். நான் சோற்றை மெல்லாமல் விழுங்குகிறேனாம். ஈர சாக்ஸை வீட்டுக்குள் காயப்போடுகிறேனாம். காலை டீக்காக அவர் மகளை இரண்டு முறை கூப்பிடுகிறேனாம், எனக்குக் கையில்லையா என்று கேட்டார். எல்லாப் பந்தலிலும் பொங்கலைக் கையேந்தி வாங்குகிறேனாம். இது உண்மை, இதை ஆறாவது அறிவுரையாக வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு பந்தலுக்கு ஒரு பந்தலில் சாப்பிட்டால் போதும். நானும் விடவில்லை. ஒரு நாளைக்கு இருபத்தைந்து கட்டையா என்று யாரிடமாவது ஒரு தரம் கேட்டிருக்கலாமே என்றேன். மருமகன் சொன்ன தூரத்தை அதிகம் என்று நான் எப்படிச் சொல்ல முடியும் என்றார். மலைத்தேன். ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர் என்று நினைத்துக்கொண்டேதான் அந்தப் பெண்மணி ரப்பர் செருப்போடு வாசலை விட்டு இறங்கியிருக்கிறார்.

பழனி அடிவாரத்தில் மனைவியும் மகளும் பஸ்ஸில் வந்து காத்திருந்தார்கள். மொட்டை போடும்போது மகள் மூன்று தெரு கேட்க அலறினாள். தலையில் சந்தனம் பூசியதும் அமைதியாகி, கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். மனைவி அவளுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு அந்தப் பழைய கோபம் ஞாபகம் வந்தது. கேட்டுவிட்டேன். நீங்கள் நடப்பதாக வேண்டியது சரி, என் காலை ஏன் சேர்த்தீர்கள்?

அத்தை மலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஆஸ்பத்திரியில அந்தக் கண்ணாடிகிட்ட நீங்க நின்னுக்கிட்டே இருந்தீங்க. உக்காரவும் இல்ல, சாப்புடவும் இல்ல. என் கையில டீ இருந்திச்சு. குடிங்கன்னு ஒங்ககிட்ட சொல்ல முடியல. அதான் முருகன்கிட்ட சொன்னேன், இந்தக் காலு ஓஞ்சிறக் கூடாது, நானே நடத்திக் கூட்டியாறேன்னு."

எனக்கு அந்த டீ ஞாபகம் இல்லை. கண்ணாடி மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. இரண்டடி தள்ளி ஒருத்தர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை. 

மகள் ஓடி வந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, தூக்கு என்றாள். மேலே படிகள் போய்க்கொண்டே இருந்தன.

"தூக்கிக்கங்க" என்றார் அத்தை.

"கால் வலிக்குதுங்க அத்தை."

"தெரியும். ஏறுங்க."

தூக்கிக்கொண்டு ஏறினேன்.